கால்சிஃபிலாக்சிஸ்: தோல் கறுக்கும் முன்பே வலி தொடங்கிவிடும்

டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்:

கால்சிஃபிலாக்சிஸ் என்பது தோலிலும் அதன் அடிக்கொழுப்பிலும் உள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்து, அவை அடைபட்டு, தோல் மடிந்துபோகும் நோய். அரிய நோய்தான் என்றாலும், அது வந்த ஒருவரை அருகிலிருந்து கவனித்தவர்கள் அந்த வலியை எளிதில் மறக்க மாட்டார்கள். என் நினைவில் நிற்பவர், சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ள, பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துவந்த ஓர் அம்மா. சீரற்ற இதயத் துடிப்புக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிட்டுவந்தார். "தொடையில் போர்வை பட்டால்கூட எரிகிறது, சிஸ்டர்" என்று அவர் முதலில் சொன்னபோது தோலில் எந்த மாற்றமும் தெரியவில்லை; சர்க்கரை நோயால் வந்த நரம்பு வலி என்று கருதி அதற்கான மாத்திரையைத்தான் கூட்டினார்கள்.

பின்னர் தொடையின் உட்புறத்தில் ஊதா நிறக் கோடுகள், முழுமையடையாத வலைப்பின்னலாகத் தோன்றின. தொட்டுப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரிந்த பரப்பைக் காட்டிலும் அகலமாக, தோலுக்கு அடியிலிருந்த கொழுப்புப் பகுதி பலகைபோல் இறுகியிருந்தது. அந்த இடத்தில் சூடு இல்லை, காய்ச்சலும் இல்லை, பாதத்தில் நாடி நன்றாகவே கிடைத்தது. ஆகவே கிருமித்தொற்றாகவோ பெரிய இரத்தக்குழாய் அடைப்பாகவோ இருக்க வாய்ப்பு குறைவு என்று சிறுநீரக மருத்துவர் கூறினார். அடுத்த சில நாட்களிலேயே கோடுகளின் நடுப்பகுதி கறுத்துக் காய்ந்து புண்ணாயிற்று. மறு தொடையிலும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே மாற்றம் தொடங்கியது.

அவருடைய இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் வரம்புக்குள்தான் இருந்தன. இந்த நோய் வந்தவர்கள் பலரிடம் அப்படித்தான் இருக்கும் என்பதால், அந்த எண்களை வைத்து நிம்மதியடைவது ஆபத்து என்றே சொல்வேன். புண்ணில் கிருமி புகுந்து இரத்தத்தில் பரவுவதுதான் பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. நோய் கண்டறியப்பட்டு ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ இறந்துவிடுகிறார்கள்.

நோய்க்கூறியல் மருத்துவர்:

தோலுக்கு அடியில் இறுகியிருந்தது என்று செவிலியர் எழுதியிருக்கிறாரே, நுண்ணோக்கியின் கீழ் நாங்கள் தேடுவதும் அந்த இடத்தைத்தான். எனக்கு வந்த ஒரு பயாப்சியில், அதாவது சோதனைக்காக வெட்டியெடுத்த தோல் திசுவில், மேலடுக்குகள் மட்டுமே இருந்தன. விரிந்த இரத்தக்குழாய்கள் சிலவும் ஓர் இரத்த உறைகட்டியும் தெரிந்தனவே தவிர, அவற்றைக் கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலவில்லை. கறுத்த மையத்தைத் தவிர்த்து, புண்ணின் ஓரத்திலிருந்து, கொழுப்பு அடுக்கு வரை ஆழமாக எடுத்து அனுப்புமாறு கேட்டுக்கொண்டேன். இரண்டாவது மாதிரியில், கொழுப்புக்கு இடையே ஓடும் நுண்தமனிகளின் நடுச்சுவரில் கருநீலத் துகள்களாகக் கால்சியம் படிந்திருந்தது. உட்சுவர் தடித்து, இரத்தம் ஓடும் வழி கீற்றளவுக்குச் சுருங்கியிருந்தது. சிலவற்றை உறைகட்டி முழுவதுமாக அடைத்திருந்தது. சுற்றிலும் கொழுப்பணுக்கள் மடிந்து கிடந்தன. வழக்கமான சாயத்தில் ஐயத்துக்கிடமாக இருந்த மெல்லிய படிவுகள், கால்சியப் படிவுகளைக் காட்டும் வான் கோசா சாயமிட்டதும் கறுப்பாகத் துலங்கின.

கால்சியம் படிந்திருப்பதை மட்டும் வைத்து இந்த நோயை அறிவித்துவிட முடியாது. நாட்பட்ட சிறுநீரக நோயிலும் சர்க்கரை நோயிலும் சற்றுப் பெரிய தமனிகளின் சுவரில், தோலுக்கு எந்தக் கேடும் செய்யாமலேயே, அது படிந்திருப்பதுண்டு. மிக நுண்ணிய குழாய்களில் படிவும், அவற்றில் உறைகட்டியும், அதனால் மடிந்த திசுவும் சேர்ந்திருந்தால்தான் நான் துணிந்து எழுதுவேன். வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றிக் கால்சியம் தென்படுவது அரிது; தென்பட்டால் அது வலுவான சான்று. வார்ஃபரினே நேரடியாக ஏற்படுத்தும் தோல் அழிவிலும் உறைகட்டிகள் இருக்கும், ஆனால் கால்சியம் இராது. அது பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய முதல் பத்து நாட்களுக்குள் வந்துவிடும். இந்த அம்மாவிடம் வார்ஃபரின் வேறு வழியில் தீங்கு செய்திருக்கலாம்: குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் காக்கும் ஒரு புரதம் செயல்பட வைட்டமின் கே வேண்டும், அதைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது.

பயாப்சி எடுத்த காயமே ஆறாத புண்ணாக மாறக்கூடும். டயாலிசிஸ் நோயாளி ஒருவரிடம் தோற்றமும் வலியும் ஐயத்துக்கு இடமின்றி இருக்கும்போது, திசுவை எடுக்காமலேயே சிகிச்சையைத் தொடங்கும் மருத்துவர்களைக் குறைகூற மாட்டேன்.

நோயாளியின் மகன்:

என் தந்தைக்கு அடிவயிற்றில் வந்தது. இன்சுலின் ஊசியை அங்கே போடுவதை உடனே நிறுத்தச் சொன்னார்கள். ஒவ்வொரு டயாலிசிஸிலும் கடைசி ஒரு மணி நேரத்தில் சோடியம் தயோசல்பேட் 25 கிராம் நரம்பு வழியாக ஏற்றினார்கள். இதற்கு உறுதியான ஆய்வுச் சான்று குறைவு என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மருந்து ஏறும்போதெல்லாம் குமட்டலும் வாந்தியும் இருந்தன. மார்ஃபினின் கழிவுகள் சிறுநீரகம் இயங்காத உடலில் தேங்கிவிடும் என்பதால், வலிக்கு ஃபென்டனில் ஒட்டுப்பட்டை கொடுத்தார்கள். புண் மூடப் பல மாதங்கள் ஆயின. வலி அதற்கு வெகு முன்பே தணியத் தொடங்கியது. மருந்து வேலை செய்கிறதா என்பதை மருத்துவரும் புண்ணின் அளவைவிட, கட்டு மாற்றும்போது அப்பா எவ்வளவு முனகுகிறார் என்பதைக் கொண்டே முதலில் கணித்தார்.