பெரிய வீடு குழு: அந்தப் பச்சை மானிட்டரை வாங்கலாமா?

கார்த்தி: பெரியப்பா, நான் சொன்ன பழைய கம்ப்யூட்டர், ஐபிஎம் 5150, வீட்டுக்கு வந்துவிட்டது. மானிட்டர்தான் இல்லை. பக்கத்து ஊரில் ஒருவர் 5151 பச்சை மானிட்டர் விற்கிறார், பிளக்கும் இதே ஒன்பது பின். வாங்கிவிடவா?

பெரியப்பா: பொறுடா. வீடியோ கார்டில் அந்த ஒன்பது பின்னுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? நீளமான பிரின்டர் சாக்கெட்டா, சின்ன வட்ட ஓட்டையா?

கார்த்தி: வட்டம். டிவியில் மஞ்சள் வயர் சொருகுவோமே, அது.

பெரியப்பா: அப்படியானால் சிஜிஏ, கலர் கார்டு. 5151 எம்டிஏ என்கிற ஒற்றை நிறக் கார்டுக்கென்று செய்தது. பிளக் ஒன்றாக இருப்பதுதான் வம்பு. சிஜிஏ நொடிக்குச் சுமார் 15,700 திரைக் கோடு அனுப்பும், அந்த மானிட்டருக்கு 18,400க்கு மேல் வேண்டும். ஒத்துவராது என்று இப்போதைய மானிட்டர் போல எழுதிக் காட்டாது, கார்டு சொன்ன வேகத்தில் ஓடப் பார்த்துக் கீச்சென்று கத்தும், அப்படியே விட்டால் உள்ளே புகைந்துவிடும்.

வித்யா அக்கா: பிறகு வந்த விஜிஏ வீடியோ கார்டு ஒன்று போட்டு வீட்டில் சும்மா கிடக்கிற எல்சிடியில் மாட்ட முடியாதா?

பெரியப்பா: கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. அதில் கார்டு சொருக இருப்பது பழைய 8 பிட் ஸ்லாட், அதில் ஓடுகிற விஜிஏ கார்டு சிலதுதான். அதைவிடப் பெரிய சிக்கல் பயாஸ், ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற புரோகிராம். 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸுக்கு முந்தியவை கார்டில் இருக்கிற ரோமை, அதாவது கார்டின் சொந்தப் புரோகிராம் சிப்பைத் தேடவே தேடாது, அந்த ரோம் இல்லாமல் விஜிஏவுக்கு முந்திய ஈஜிஏ கார்டும் வராது, விஜிஏவும் வராது. கார்த்தி, மூடியைத் திறந்து போர்டில் 16கேபி-64கேபி என்றிருக்கிறதா, 64கேபி-256கேபி என்றிருக்கிறதா பார்.

கார்த்தி: 16கேபி-64கேபி.

பெரியப்பா: பழைய போர்டு, பயாஸும் பழசாகத்தான் இருக்கும். யாராவது பயாஸ் சிப்பை மாற்றியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் விஜிஏவை மறந்துவிடு.

கார்த்தி: எனக்கு அந்தப் பச்சைத் திரை மேல்தான் ஆசை பெரியப்பா.

பெரியப்பா: எனக்கும் அதுதான் பிடிக்கும். எழுத்து அவ்வளவு கூர்மை, அழித்தாலும் பச்சை கொஞ்ச நேரம் தங்கித்தான் மறையும். அதற்கு ஹெர்குலிஸ் கார்டு வாங்கு, எம்டிஏ வேண்டாம். எம்டிஏவில் எழுத்து மட்டும்தான், ஹெர்குலிஸ் அதே மானிட்டரில் 720க்கு 348 புள்ளியில் படமும் வரையும். தாய்லாந்துக்காரர் ஒருவர் தாய் எழுத்தில் தன் ஆய்வேட்டைத் தயாரிக்கப் போய் உருவான கார்டு அது. போர்டில் முதல் சுவிட்ச் கட்டையில் 5, 6 இரண்டையும் ஆஃபில் வைக்க வேண்டும். ஆமாம், இதில் என்ன செய்யப் போகிறாய்?

கார்த்தி: பழைய கேம்தான். வித்யா அக்கா பையன் ஆடுவான்.

பெரியப்பா: அதை முதலில் சொல்லக் கூடாதா! பழைய கேம் நிறைய சிஜிஏவுக்கு எழுதினவை, இருக்கிற கார்டைத் தொடாதே. வட்ட ஓட்டையிலிருந்து டிவிக்கு ஒரு வயர் போடு, செலவே இல்லை. அது என்டிஎஸ்சி என்கிற டிவி முறைக் கலர், அங்கே அமெரிக்காவில் சரியாக வரும். 80 எழுத்து வரிசை கலங்கினால் ‘மோட் பிடபிள்யூ80’ என்று அடி, கலர் போய்விடும், எழுத்து தெளியும். பிறகு 5153 கலர் மானிட்டர் கிடைத்தால் நேரில் ஆன் செய்து பார்த்து, காரில் நீயே தூக்கி வா. கூரியரில் வரவழைத்தால் கண்ணாடித் தூள்தான் வரும்.

கார்த்தி: சரி பெரியப்பா, 5151 வேண்டாமென்று அவரிடம் சொல்லிவிடுகிறேன். இன்று இரவே ஆன் செய்து பார்க்கிறேன்.

பெரியப்பா: முதல் தடவை ஆன் செய்யும்போது முகத்தைக் கிட்டே கொண்டு போகாதே. போர்டில் துளி மாதிரி இருக்கிற டான்டலம் கெபாசிட்டர் பழசானால் சில சமயம் பட்டென்று வெடிக்கும்.

அம்மா: வெடிக்குமா? டேய், அதை ஹாலில் வைக்காதே, கராஜுக்குக் கொண்டு போ.