அம்பாசடர் மார்க் 3: இடது ஹெட்லைட் மட்டும் மங்கல்

பழைய_இரும்பு:
அப்பா ஓட்டிய வண்டி. டிம் போட்டால் இடது பக்கம் அகல்விளக்கு மாதிரி எரிகிறது. டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாக மினுங்குகிறது. பல்ப் எச்4 (பிரைட், டிம் இரண்டு இழையும் ஒரே பல்பில்), 60/55 வாட், புதிது. வலது பக்கம் மாற்றிப் போட்டால் பளிச். தெருமுனை மெக்கானிக் வயரிங்கை மொத்தமாக மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

சேலம்_வயர்மேன்:
அவசரப்படாதீங்க சார். நீல விளக்கு மினுங்குகிறது என்றாலே எனக்குச் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு. இறங்க வழியில்லாத கரண்ட், பிரைட் இழை வழியாகச் சுற்றி வலது விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. லைட் எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை சாக்கெட்டின் எர்த் பின்னிலும் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போச்சு.

பழைய_இரும்பு:
4.1 காட்டியது! போன தீபாவளிக்கு நானே அடித்த பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கியிருக்கிறேன். உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். இப்போது 0.1.

டிப்_சுவிட்ச்:
சரி, அப்படியே ரிலேயும் (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். இரண்டு டிம் பல்புக்கும் சேர்த்து 9 ஆம்பியர், அத்தனையும் அந்தக் கிழட்டு சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் பின் எண்கள்: 30 பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, 87 பல்புக்கு, 86க்கு சுவிட்சிலிருந்து வரும் பழைய வயர், 85 எர்த். பெயின்ட் சுரண்டிவிட்டு!