14 மாதப் பிள்ளையின் கால் முட்டுகிறது, கார் சீற்றை முன்பக்கம் திருப்பலாமா?

கிளிநொச்சித் தாய்:
லண்டனில் இருக்கும் மச்சாள் தன் பிள்ளைக்குப் பாவித்த குழந்தை சீற்றை எங்களுக்குத் தந்தார். பின்னோக்கி வைக்கும் வகை. மகளுக்கு இப்போது 14 மாதம். கால்கள் காரின் சாய்மானத்தில் முட்டி மடங்கிக் கிடக்கின்றன. "பிள்ளையை ஏன் சுவர் பார்க்க வைத்திருக்கிறாய்?" என்று மாமி ஏறும்போதெல்லாம் கேட்கிறார். ஏ9 வீதியால் அடிக்கடி வவுனியா போகிறோம். முன்பக்கம் திருப்பலாமா? சீற் ஆடவும் செய்கிறது.

வவுனியா கராஜ்காரர்:
தங்கச்சி, கால் முட்டுவது ஒரு கணக்கே இல்லை. பிள்ளை சப்பாணி கட்டிக்கொள்ளும். தலையைப் பாருங்கள். உச்சந்தலை சீற்றின் வெளிக்கூட்டின் மேல் விளிம்புக்கு எட்டினால் அந்தச் சீற்றின் காலம் முடிந்தது. ஓர் அங்குலம் மிச்சம் இருக்கும்போதே மாற்றச் சொல்லும் கம்பனிகளும் உண்டு. செம்மஞ்சள் லேபிளில் 0–13 கிலோ என்று மட்டும் இருந்தால் அது பின்னோக்கி வைக்கவே செய்தது, திருப்பவே கூடாது. எடையைக் கிளினிக் கொப்பியில் பாருங்கள்.

ஆடுவது பெரும்பாலும் பெல்ட் போன வழியால்தான். மடிக்குரிய பட்டி இரு பக்கத்து நீலக் கொளுவிகளுக்குள்ளால் போக வேண்டும். தோளுக்குரியது கூட்டின் முதுகைச் சுற்ற வேண்டும். சீற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு பெல்ட்டை இறுக்குங்கள். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. எயார்பேக் உள்ள முன் சீற்றில் இதை வைக்கவே வேண்டாம்.

முல்லைத்தீவுத் தாதி:
மாமிக்கு இப்படிச் சொல்லுங்கள். இந்த வயதில் தலை பாரம், கழுத்து பிஞ்சு. மாங்குளம் பக்கம் அந்தி நேரத்தில் மாடு குறுக்கே வந்து பிறேக்கை அழுத்தினால், முன்னோக்கி இருக்கும் பிள்ளையின் தலை கழுத்தை இழுத்துக்கொண்டு போகும். பின்னோக்கி இருந்தால் முதுகும் தலையும் சேர்ந்து கூட்டில் பதியும். ஐரோப்பாவின் 129ஆம் விதி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது. சுவீடனில் நான்கு வயது வரையும் வைக்கிறார்கள்.

வியர்க்கிறது என்று முதுகுக்குத் தடித்த துவாய் போடாதீர்கள், பிள்ளையைச் சீற்றோடு கட்டும் வார் தளர்ந்துவிடும். வெயிலில் நிறுத்திய கார் என்றால் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். அந்தச் சீற் விபத்தில் அகப்பட்டதா என்றும் மச்சாளிடம் கேளுங்கள். அகப்பட்டிருந்தால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் எறிந்துவிட வேண்டியதுதான்.

கிளிநொச்சித் தாய்:
விபத்து எதுவும் இல்லையாம். லேபிளில் 0–13 கிலோ, கொப்பியில் 9.4. தலைக்கு மேல் நான்கு விரல் இடம் இருக்கிறது. தோள்பட்டி முதுகைச் சுற்றவில்லை. சுற்றியதும் ஆட்டம் நின்றது. பொருத்தியவர் என் கணவர் என்பதை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன். அடுத்த சீற் எப்படிப் பார்த்து வாங்குவது?

வவுனியா கராஜ்காரர்:
18 கிலோ வரை பின்னோக்கி வைக்கக்கூடியதைத் தேடுங்கள். பின்சீற்றின் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் அந்த வளையங்களில் நேரே கொளுவும் ஐசோஃபிக்ஸ் வகை வாங்கலாம், இல்லையென்றால் பெல்ட்டால் கட்டும் வகைதான். காசு கொடுக்குமுன் உங்கள் காரில் வைத்துப் பாருங்கள். சின்னக் கார்களில் பெல்ட் எட்டாமல் போவதுண்டு. தோள் வார் பின்னோக்கி இருக்கும்வரை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கித் திருப்பிய பிறகு தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ.

மன்னார்த் தந்தை:
இடையில் கேட்கிறேன், மன்னியுங்கள். மகனுக்கு ஆறு வயது. கார் பெல்ட் மட்டும் போதாதா?

முல்லைத்தீவுத் தாதி:
போதாது அண்ணா. பிரித்தானியாவில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை குழந்தை சீற் வேண்டும். முதுகுள்ள பூஸ்டர் வாங்குங்கள், கார் பெல்ட் சரியாகப் படியப் பிள்ளையை உயர்த்தி இருத்தும் சீற் அது. மடிப் பட்டி வயிற்றில் ஏறாமல் தொடையில் படிய வேண்டும். மேல் பட்டி தோளின் நடுவால் போக வேண்டும். கழுத்தில் அறுக்கிறது என்று கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொள்வான், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.