மழை நாள், பாய், கலவைப் பாட்டு: இது கேக்கிறதோ மேயிறதோ?

மாரித்தவளை:
ஞாயிறு விடியத்தொட்டு அடைமழை. ஒழுங்கை முழுக்க வெள்ளம். விறாந்தையில பாயைப் போட்டுப் படுத்தனான், சாப்பிடவும் தேத்தண்ணி குடிக்கவும்தான் எழும்பினது. கேட்ட வரிசை இது: யாழ்ப்பாணத்துத் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின்ர தவில் தனி, பேந்து ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின்ர 1959ஆம் ஆண்டுத் தட்டு 'கைண்ட் ஒஃப் புளூ', அதுக்குப் பிறகு எங்கட பொப் பாட்டுக்காரர் நித்தி கனகரத்தினமும் மனோகரனும், இளையராஜாவின்ர 'ஹவ் டு நேம் இட்', பொழுதுபட எம்.ஐ.ஏ. எண்ட பேரில ராப் பாடுற மாயா அருள்பிரகாசம். அம்மாட்ட நல்லா வாங்கிக் கட்டினன். நீங்களே சொல்லுங்கோ, நாள் வீணோ?

சுருதிப்பெட்டி:
நாள் வீணில்லை தம்பி, தவில்தான் வீண். ராகம், கீர்த்தனை எல்லாம் வாசிச்சு முடிச்சு நாதஸ்வரக்காரர் தாளத்தைக் கையில குடுத்த பிறகுதான் தனி வரும். அதை மட்டும் நறுக்கி எடுத்து ட்ரம்பெட்டுக்கு முன்னால வைக்கிறது, கறியை விட்டிட்டுத் தாளிதத்தை மட்டும் அள்ளித் தின்னுற வேலை. கோயில் பூங்காவனத் திருவிழாவண்டு விடியவிடிய நாதஸ்வர, தவில் மேளச்சமா கேட்ட சனத்தின்ர ஊர் இது. ஒண்டைக் கேட்டால் அதுக்குள்ள இரும். நீர் செய்தது மேய்ச்சல்.

மாரித்தவளை:
அண்ணை, கண்டபடி மேயேல்லை, வரிசை யோசிச்சுத்தான் போட்டது. மைல்ஸின்ர முதல் உருப்படி 'சோ வட்'. ஆர்மோனியத்தில ரெண்டாங் கட்டையைச் சட்சமா வைச்சு, வெள்ளைக்கட்டையளை மட்டும் தொட்டுப் பாருங்கோ. கரகரப்பிரியா ராகத்தின்ர ஏழு சுரமும் வரும். அந்தாள் அதிலதான் நிண்டு விளையாடுறார். நடுவில அரைச்சுரம் மேல ஏறி, பேந்து இறங்கி வீட்டுக்கு வருவார். தனியா அந்தத் தட்டைக் கேட்டிருந்தால் எனக்கு இது பிடிபட்டிராது.

சுருதிப்பெட்டி:
ஏழு சுரமும் ஒண்டெண்டால் ராகமும் ஒண்டோ? கரகரப்பிரியாவில காந்தாரம் எண்ட சுரத்தை அசைக்காமல் கட்டை மாதிரி நட்டு வைச்சுப் பாடும் பாப்பம். அது ராகமில்லை, தெலிபோன் நம்பர்.

கோண்டாவில் குஞ்சியப்பு:
பிள்ளையள், உங்கட சண்டைக்கு நடுவில ஒரு கதை. தொண்ணூறுகளில, யுத்த காலத்தில, இஞ்ச யாழ்ப்பாணத்தில கரண்டும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவில வயர் இழுத்துத்தான் றேடியோவும் கசற்றும் கேட்டனாங்கள். ஒருத்தர் பெடலைக் கையால சுத்தவேணும், மற்றவை சுத்திவர இருந்து கேப்பினம். சுத்துறவரின்ர கை ஓய்ஞ்சால் பாட்டு இழுபடும், சித்ரா மெல்ல மெல்ல ஜேசுதாசா மாறுவா. பக்தி, படப்பாட்டு, நாடகம், செய்தி எண்டு எது வந்தாலும் கேட்டம். கலவையோ தனியோ எண்டு ஆர் பாத்தது? சுத்தாமல், கையைத் தலைக்குக் குடுத்துப் படுத்துக்கொண்டு கேக்கிறதுதான் எங்களுக்கு அப்ப ராசபோகம். பொடியன் அனுபவிக்கட்டும்.

சுருதிப்பெட்டி:
குஞ்சியப்பு, நீங்கள் சொல்லுறதே எனக்குச் சாட்சி. கை நோகச் சுத்தினபடியால்தான் ஒரு பாட்டும் உங்களுக்குச் சும்மா போகேல்லை. இவருக்கு விரலைத் தட்டினால் அடுத்தது வருது.

கோண்டாவில் குஞ்சியப்பு:
கை நோவைச் சங்கீத ஞானம் எண்டு சொல்லுறியள். எனக்கு அது கை நோவாத்தான் இருந்தது.

வடலியடி அக்கா:
பொப் பாட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, அது கீழ்சாதிச் சரக்கோ? அந்தப் பாட்டுக்கு அடியான பைலா எண்ட ஆட்டப்பாட்டு போர்த்துக்கேயரோட ஒட்டி வந்து, சிங்களத்தில வேர்விட்டு, எங்கட கலியாண வீட்டுக்குள்ளயும் பூந்தது. ஆறு எட்டு எண்ட அந்த அடியைத் மூண்டு மூண்டா எண்ணுற திஸ்ர நடை தெரிஞ்ச ஆரும் தொடையில போட்டுப் பாக்கலாம். மாயா 'பேப்பர் பிளேன்ஸ்' பாடினது த கிளாஷ் எண்ட இங்கிலாந்து றொக் குழுவின்ர கிற்றார் துண்டொண்டை எடுத்துப் போட்டு. ஏன், சுத்தம் பாக்கிற அண்ணைக்கே கேக்கிறன்: இணுவில் வீரமணி ஐயர் எழுதி ரீ. எம். சௌந்தரராஜன் பாடின 'கற்பகவல்லி' என்னவாம்? பல ராகத்தைக் கோத்த ராகமாலிகை. ஆனந்தபைரவியில துவங்கி ரஞ்சனியில முடியுது. அங்க ஐயர் மேய்ஞ்சவரோ?

சுருதிப்பெட்டி:
ராகமாலிகையில ஒரு ராகத்தில இருந்து மற்றதுக்குப் போற பாதையைக் கட்டினவர் ஐயர். இவற்ற பட்டியலில அந்தப் பாதை எங்க? சரி, மைல்ஸுக்குப் போற இடத்தில ஏதோ கொஞ்சம் இருக்கு எண்டு வைப்பம். பொப்பில இருந்து இளையராஜாவுக்கு எப்பிடிப் போனவராம்?

மாரித்தவளை:
அதுக்கிடையில மத்தியானச் சாப்பாடு அண்ணை.

வடலியடி அக்கா:
ஆ, அதைத்தான் கேக்க இருந்தனான். சாப்பிட எழும்பினியள் சரி, சமைச்சது ஆர்? அம்மா ஏசினது பாட்டுக்கெண்டு எனக்குப் படேல்லை.

கோண்டாவில் குஞ்சியப்பு:
தம்பி, பதில் சொல்லும்.

மாரித்தவளை:
இப்பதான் குசினிக்குள்ள போய் அம்மாட்டக் கேட்டிட்டு வாறன். சமையல் அவதான், ஒத்துக்கொள்ளுறன், தேங்காய் திருவிக் குடுத்திட்டுத்தான் எழுதுறன். ஆனால் ஏசினதுக்குக் காரணம் அதுமில்லையாம். தவில் தனி, மோறா எண்ட முடிவுக் கோர்வை அடிச்சு முடியிற இடத்தில போன் வந்து நான் நிப்பாட்டிப் போட்டன். அவ குசினிக்குள்ள தாளம் போட்டுக்கொண்டு நிண்டவவாம்.

சுருதிப்பெட்டி:
அம்மாவைச் சுகம் கேட்டதாச் சொல்லும்.