டிரெய்லருக்கு ஜெனரேட்டர் வாங்கியவர்கள் சொல்வது

கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். வண்டியின் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் எங்கள் டிரெய்லர் 30 ஆம்ப், கூரையில் 13,500 பிடியூ ஏசி (பிடியூ என்பது குளிரூட்டும் திறனின் அளவு). டிரெய்லருக்குக் கரண்ட் இணைப்பு (ஹூக்கப்) இல்லாத காட்டுப் பக்கம் தங்குவதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். அதனால் ஜெனரேட்டர் விஷயத்தில் நிறையவே மெனக்கெட்டேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது சில நொடிகள் மட்டும் தாங்கும் அளவு. ஹோண்டாவின் சின்ன ஜெனரேட்டர் EU2200i என்றால் அது தொடர்ந்து கொடுப்பது 1800 வாட்தான். எங்கள் ஏசி ஓடும்போது 1300 முதல் 1500 வாட் வரை எடுக்கும். அப்படியானால் 1800 போதுமே என்று தோன்றும். ஆனால் கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் அதைப் போல இரண்டு மடங்கு இழுக்கும், வெயில் நாளில் இன்னும் கூட. சின்ன ஜெனரேட்டர் அந்த இடத்தில்தான் ஓவர்லோடு விளக்கைக் காட்டி நின்றுவிடும். இதற்காக ஏசிக்குள் மைக்ரோ-ஏர் ஈஸிஸ்டார்ட் என்ற சாஃப்ட் ஸ்டார்ட் கருவியைப் பொருத்தினோம். கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பெரிய ஜெனரேட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல செலவு.

அடுத்தது உயரம். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் எஞ்சினின் சக்தி சுமார் மூன்றரை சதவீதம் குறையும். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடியில் இருக்கிறது. அங்கே போனால் அந்த 1800 வாட் 1360 அளவுக்கு இறங்கிவிடும். ஏசிக்கே இழுபறி, அதன் மேல் எதையும் போட முடியாது. மலைப்பக்கம் அதிகம் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்ட பிறகே கடைக்குப் போங்கள்.

இதையெல்லாம் பார்த்து நாங்கள் ஒரே மாதிரி சின்ன ஜெனரேட்டர் இரண்டு வாங்கி, பேரலல் கேபிளில் இணைத்துக்கொண்டோம். இரண்டும் சேர்ந்தால் 3600 வாட். 30 ஆம்ப் டிரெய்லர் எடுக்கக்கூடிய முழு அளவே அதுதான். ஒன்றின் எடை 47 பவுண்டு. என் மனைவி தனியாகவே தூக்கி வண்டியில் வைப்பார். ஹோண்டாவின் பழைய 3000 வாட் மாடல் பெட்ரோல் இல்லாமலே 130 பவுண்டுக்கு மேல். குளிர்காலத்தில் பேட்டரி சார்ஜ் மட்டும்தான் தேவை என்றால் ஒன்றை வீட்டிலேயே விட்டுவிடுவோம். இந்த வசதி ஒற்றைப் பெரிய ஜெனரேட்டரில் கிடைக்காது என்பதுதான் என் கட்சி.

எவ்வளவு நேரம் ஓட்ட விடுவார்கள் என்பதையும் பாருங்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே அனுமதி. அந்த நேரத்துக்குள் பேட்டரி சார்ஜ் ஆக வேண்டும், மைக்ரோவேவ் ஓட வேண்டும், மிக்ஸியில் சட்னியும் அரைத்தாக வேண்டும். ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் புரொப்பேனுக்கு, அதாவது சிலிண்டர் கேஸுக்கு, மாற்றிவிடுங்கள். ஹீட்டர் கரண்டில் இருந்தால் அது மட்டுமே 1400 வாட் விழுங்கும். பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தால், அதை சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரும் சத்தமில்லாமல் நிறைய இழுக்கும். ஏசி போடுவதற்கு முன் கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைத்துவிட்டு, ஏசி கம்ப்ரெஸர் நிதானமான பிறகு அந்த பிரேக்கரை மறுபடி போடுங்கள்.

*

அண்ணா சொன்ன உயரக் கணக்கு நன்றாகப் புரிந்தது. நாங்கள் டெக்ஸஸ். இங்கே மலை பிரச்சினை இல்லை, வெயில்தான். எங்கள் ஏசி 15,000 பிடியூ. சாம்பியன் 3400 வாட் டூயல் ஃப்யூயல் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம், பெட்ரோலிலும் ஓடும், புரொப்பேனிலும் ஓடும். பெட்ரோலில் தொடர்ந்து 3100 வாட், புரொப்பேனில் பத்து சதவீதம் போலக் குறையும். அப்படியும் ஏசி தாராளமாக ஓடுகிறது.

புரொப்பேனை நான் விரும்புவதற்கு வேறு காரணம் இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் சில மாதம் டேங்கில் கிடந்தால் கெட்டுப்போய் கார்புரேட்டரில் பிசின் மாதிரி படிந்துவிடும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஊரெல்லாம் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எங்களைப் போல லீவுக்கு மட்டும் வெளியே போகும் குடும்பத்துக்கு சிலிண்டர் நிம்மதி. எத்தனை மாதம் ஆனாலும் கெடாது, வண்டிக்குள் பெட்ரோல் வாசனையும் வராது. எடை மட்டும் குறை. நூறு பவுண்டுக்குக் கொஞ்சம்தான் கம்மி, சக்கரமும் கைப்பிடியும் இருப்பதால் சமாளிக்கிறோம்.

*

ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் பெரும்பாலானவற்றில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைக்கப்பட்டிருக்காது. உள்ளே வரும் கரண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் இஎம்எஸ் பாதுகாப்புக் கருவியை டிரெய்லருக்குப் போட்டிருந்தால் அது எர்த் இல்லை என்று நினைத்து கரண்டை உள்ளே விடாது. புரோகிரஸிவ் கம்பெனி கருவியில் E2 என்று காட்டும். ஜெனரேட்டர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இதற்கென்றே நியூட்ரல்-கிரவுண்ட் பாண்டிங் பிளக் விற்கிறார்கள். ஜெனரேட்டரில் காலியாக இருக்கும் பிளக் பாயிண்டில் செருகினால் சரியாகிவிடும். இரண்டு ஜெனரேட்டர் இணைத்திருந்தாலும் ஒன்றில் மட்டும் செருகினால் போதும். வீட்டு பிளக் பாயிண்டில் மட்டும் அதைச் செருகவே கூடாது.

சத்தத்துக்கும் ஒரு வார்த்தை. கட்டட வேலைக்கு வாங்கும் திறந்த ஃபிரேம் ஜெனரேட்டர் விலை மலிவு என்று ஆசைப்பட வேண்டாம், அது போடும் சத்தம் அதிகம். தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி, பக்கத்தில் குழந்தைகளோடு தங்கியிருப்பவர்களுக்கும் தொல்லை.

கடைசியாக, புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஜெனரேட்டரை டிரெய்லரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலென்ஸர் வாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். டிரெய்லர் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் ஆனிங் துணிக்கு அடியிலோ, மழை என்று டிரெய்லருக்குக் கீழேயோ தள்ளி வைக்காதீர்கள். பக்கத்து வண்டிக்காரர் ஜெனரேட்டரின் புகை உங்கள் ஜன்னல் பக்கம் வந்தால் போய்ச் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. டிரெய்லருக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் அதைக் கழற்றி, பின்னால் அச்சடித்திருக்கும் தேதியை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.