புதுப்பிப்பு: வேளச்சேரி–கிண்டி சைக்கிள் பயணம், முட்டி வலி போனது

வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவதில் முட்டி வலியும் முதுகு வியர்வையும் படுத்துகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னவற்றில் பெரிய பலன் தந்தது சீட் உயரம்தான். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அந்த அளவுக்கு ஏற்றியதும் வலி போய்விட்டது, மிகுந்த நன்றி!

பையை முதுகிலிருந்து கேரியருக்கு மாற்றியதில் சட்டை நனைவது குறைந்தது. சென்னைப் புழுக்கத்துக்கு மாற்றுச் சட்டை எப்படியும் வேண்டும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன், அதிர்வு குறைந்து இப்போது உள்ளங்கை மரத்துப்போவதில்லை. சீட்டின் மேல் போடும் மெத்தென்ற ஜெல் கவர் மட்டும் சரிவரவில்லை, தொடையில் உரசுகிறது.

வடகிழக்குப் பருவமழைக்குள் முழுநீள மட்கார்டு போட வேண்டும். பிளாஸ்டிக்கா, இரும்பா, எது நல்லது?