எந்தப் பேரிடர் மிகக் கொடியது? நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

மழைத்துளி:
என்னைக் கேட்டால் வெள்ளம்தான். வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டுக் காவல் இருந்தோம். தண்ணீர் வாசலுக்கு வரவே இல்லை. குளியலறைக் கழிவுநீர்த் துளையிலிருந்து கொப்பளித்து மேலேறியது. கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். மின்சாரம் இல்லை. கீழே குளிர்பதனப் பெட்டி மிதந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. யாரோ கதவைத் தட்டி உள்ளே விடச் சொல்வதுபோல விடியும்வரை அந்தச் சத்தம். நீர் வடிந்த பிறகு சேறு, காய்ச்சல், குடிக்கத் தண்ணீர் இல்லை. 1931-இல் சீனாவில் யாங்சி ஆறு பெருகியபோது மூழ்கி இறந்தவர்களைவிட, பின்னால் வந்த பசிக்கும் நோய்க்கும் பலியானவர்களே அதிகம். அதைப் படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை.

கருங்கல்:
மழைத்துளி, உங்களுக்கு ஏறிக்கொள்ள ஒரு மாடி இருந்தது. எங்களுக்கு அந்த மாடிதான் எமன். அதிகாலை நிலநடுக்கம். அம்மாவும் நானும் ஒரே அறை. கட்டில் நகர்ந்து சுவரில் இடித்ததும் கதவுக்குப் பாய்ந்தேன். நிலைச்சட்டம் கோணிப்போயிருந்தது, தாழ்ப்பாள் இம்மியும் அசையவில்லை. பின்னால் அம்மா "திற, திற" என்கிறார். நகம் பெயர்ந்ததுகூட அப்போது தெரியவில்லை. ஆட்டம் நின்ற பிறகு பக்கத்து வீட்டார் கடப்பாரையால் நெம்பித்தான் எங்களை வெளியே எடுத்தார்கள். புயலுக்கு எச்சரிக்கை உண்டு, ஆற்று வெள்ளத்துக்கும் பெரும்பாலும் உண்டு. நிலநடுக்கம் எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை வழி இல்லை. இதைவிடக் கொடியது எது?

நீலக்கடல்:
கருங்கல் சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றல் சுமார் 500 மடங்கு. இறந்தவர்களோ 500 சொச்சம். ஹைட்டியில் அதிர்வின் மையம் தலைநகரை ஒட்டி இருந்தது ஒரு காரணம். சிலியின் கடுமையான கட்டட விதிகள் இன்னொரு காரணம். மண் ஆடுவது மட்டுமா கொல்கிறது?

நான் பார்த்தது 2004 டிசம்பர் 26 சுனாமி. கடல் உள்வாங்கி, படகுகள் வெறும் சேற்றில் சாய்ந்து கிடந்தன. துள்ளும் மீன்களைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். நானும் பத்தடி இறங்கினேன், வேடிக்கை பார்க்க. ஈர மணலில் என் காலடி பதிந்ததைக் குனிந்து பார்த்தது நினைவிருக்கிறது. நிமிர்ந்தபோது அடிவானத்தில் வெள்ளைக் கோடு. நான் ஓடினேன். பிள்ளைகளை அழைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. இருபது ஆண்டுகளாக யோசிக்கிறேன், நினைவில்லை.

சுமத்ராவை ஒட்டிய சிமுலுவே தீவில் 1907-இல் ஒரு பேரலை வந்தது. அதை அவர்கள் "ஸ்மாங்" என்று பாட்டிலும் கதையிலும் சொல்லிச் சொல்லியே வளர்ந்தார்கள். 2004-இல் நிலம் ஆடியதும் "ஸ்மாங்" என்று கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். 70,000-க்கும் மேற்பட்ட மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர். எங்களிடம் அப்படி ஒரு சொல் இல்லை.

கோடைநிழல்:
நீங்கள் எழுதுகிற எல்லாவற்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. என் அப்பா இறந்தது வெப்ப அலையில். சான்றிதழில் இதயச் செயலிழப்பு என்றுதான் இருக்கிறது. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் சுமார் 70,000 பேர் இறந்தார்கள். இந்த விவாதங்களில் அதை யாரும் சொல்வதில்லை. இடிபாடு இல்லை, படம் இல்லை. அன்று இரவு பதினொரு மணிக்குச் சுவரைத் தொட்டால் சுட்டது. அப்பா, "இப்போது வியர்க்கவில்லை, பரவாயில்லை" என்றார். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது. கடும் வெப்பத்தில் வியர்வை நிற்பது ஆபத்தின் அறிகுறி என்று பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

பாய்மரம்:
புயல்தான். அதன் நடுவிலுள்ள கண் பகுதி கடந்தபோது காற்று சட்டென்று அடங்கியது. ஓய்ந்துவிட்டது என்று கூரையைப் பார்க்க வெளியே போன மாமா திரும்பவில்லை.

எல்லோரும் தயவுசெய்து சிலவற்றை மனத்தில் வையுங்கள். புயலின் நடுவில் வரும் அமைதியை நம்பாதீர்கள். எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடி வரும். கடல் உள்வாங்கினாலோ, கரையில் நிற்க முடியாதபடி நிலம் ஆடினாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்காதீர்கள், அடுத்தது பெரிதாக இருக்கலாம். நிலநடுக்கத்தின்போது கதவுக்கு ஓடாமல் உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வருமுன் மின் இணைப்பை நிறுத்துங்கள், சான்றிதழ்களை நீர் புகாத உறையில் போடுங்கள், ஓடும் நீரில் வண்டி ஓட்டாதீர்கள். வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். 1970 போலா புயலில் இன்றைய வங்கதேசத்தில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1999-இல் ஒடிசாவில் சுமார் 10,000. அதே ஒடிசாவில் 2013-இல் பைலின் புயலுக்கு முன் 10 லட்சம் பேர் வரை அப்புறப்படுத்தப்பட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு.

மழைத்துளி:
பாய்மரம், உங்கள் மாமாவைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம். அறிவுரையை நாங்கள் கேட்கவில்லை.

கருங்கல்:
மேசைக்கடியில் புகுந்திருக்க வேண்டும் என்று எனக்கும் பிறகு தெரிந்தது. நீலக்கடல், கட்டடத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். ஆனால் அம்மா இன்னும் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. புது வீட்டில் எல்லாத் தாழ்ப்பாள்களையும் கழற்றிவிட்டேன்.